நாள்வாரி விற்பனைக் கணக்கைக் கணினியில் ஏற்றும் முறை

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது மளிகை வணிகர் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். கடலை மாவு எத்தனை மூட்டை, மைதா எத்தனை, சர்க்கரை எத்தனை, எண்ணெய் எத்தனை டின்? குறைவாக எடுத்தால் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே சரக்கு தீர்ந்து, வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதிகமாக எடுத்தால் கார்த்திகை மாதத்தில் கடலை மாவில் வண்டு விழும். மொத்த வியாபாரிக்குத் தரவேண்டிய பணம் மூட்டையாகக் கிடங்கில் கிடக்கும்.

இதுநாள் வரை இக்கேள்விக்கு விடை முதலாளியின் நினைவிலும் பழைய சிட்டையிலும் இருந்தது. இப்போது பல கடைகளில் பில் போடும் கணினியிலேயே மூன்று நான்கு ஆண்டுக் கணக்கு சேர்ந்து கிடக்கிறது. அதைக் கொண்டு வரப்போகும் விற்பனையை மதிப்பிட்டுத் தரும் மென்பொருள்களும் உள்ளன. தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. விண்டோஸ் கணினிக்கான எக்செல்லில் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், 'டேட்டா' பகுதியில் 'ஃபோர்காஸ்ட் ஷீட்' என்றொரு பொத்தான் இருக்கிறது. தேதிப் பத்தி ஒன்றும் விற்பனைப் பத்தி ஒன்றும் கொடுத்து அதை அழுத்தினால், வரும் மாதங்களுக்கான கோட்டை வரைந்து காட்டும்.

பொத்தானை அழுத்த யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவையே இப்பாடம். ஏனென்றால் கணினி நம் கணக்குப்பிள்ளையைப் போன்றதல்ல. கணக்கில் ஒரு நாள் விடுபட்டிருந்தால் கணக்குப்பிள்ளை "அண்ணாச்சி, புதன்கிழமை என்ன ஆச்சு?" என்று கேட்பார். கணினி கேட்காது. தானே ஓர் எண்ணைப் போட்டு நிரப்பிக்கொண்டு கோட்டை வரைந்துவிடும். கோடு அழகாக இருப்பதால் நாமும் நம்பிவிடுவோம்.

காலத்தொடர்

ஒரு பொருளின் விற்பனையைச் சமமான இடைவெளியில், தேதி வரிசைப்படி எழுதிவைத்தால் அதற்குக் காலத்தொடர் என்று பெயர். இடைவெளி ஒரு நாளாக இருக்கலாம், ஒரு வாரமாக இருக்கலாம், ஒரு மாதமாக இருக்கலாம். ஆனால் இடையில் மாறக்கூடாது. நமது குறிப்பேடும் பில் கட்டும் இந்த வகையில் சேரா. அவை நடந்தது நடந்தபடி எழுதப்படுபவை. ஒரே நாளில் நாற்பது பில் இருக்கும், மறுநாள் ஒன்றும் இராது. அவற்றைக் காலத்தொடராக மாற்றுவது நம் வேலை.

எக்செல் கையாளும் முறை புதிதன்று. அமெரிக்காவில் ஹோல்ட் என்பவர் 1957ல் வகுத்ததை வின்டர்ஸ் என்பவர் 1960ல் விரிவாக்கினார். அண்மை விற்பனைக்குக் கூடுதல் எடையும் பழைய விற்பனைக்குக் குறைந்த எடையும் கொடுத்து, மூன்று செய்திகளை அது பிரித்தெடுக்கிறது: இப்போதைய விற்பனை அளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கு, ஆண்டுதோறும் திரும்பி வரும் பருவம். அனுபவமுள்ள மளிகைக்காரர் மனத்தில் செய்கிற கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

முதல் கண்ணி: தேதி

எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாக வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1ஆம் தேதிக்கு எண் 1. 2021 நவம்பர் 4ஆம் தேதிக்கு 44504. (1900ஆம் ஆண்டில் பிப்ரவரி 29 இல்லை. எனினும் எக்செல் அப்படியொரு நாளைக் கணக்கில் சேர்த்தே எண்ணுகிறது. முன்பிருந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அந்தப் பிழையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நம் வியாபாரத்துக்கு அதனால் பாதகம் ஏதுமில்லை.)

பாதகம் வருவது வேறிடத்தில். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்க வழக்கில் மாதம், நாள், ஆண்டு. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்து, பில் மென்பொருளிலிருந்து வந்த கோப்பை நீங்கள் அதில் திறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2021ல் தீபாவளி நவம்பர் 4 வியாழக்கிழமை. அதற்கு முந்தைய மூன்று நாட்களின் பெரு விற்பனை 01-11-2021, 02-11-2021, 03-11-2021 என்ற தேதிகளில் இருக்கும். கணினி அவற்றை ஜனவரி 11, பிப்ரவரி 11, மார்ச் 11 என்று படிக்கும். தீபாவளி விற்பனை மூன்று துண்டாகி மார்கழி, தை, மாசி மாதங்களில் போய் உட்காரும். அக்டோபர் 25 முதல் 31 வரை உள்ள நாட்கள் என்ன ஆகும்? 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அவை தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். எந்தக் கணக்கிலும் தேதியாகச் சேரா.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பத்தியில் சீரமைப்பு எதையும் மாற்றாத நிலையில் தேதிகள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாக நிற்பவை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள் வலமாகவும் 13ஆம் தேதி முதல் இடமாகவும் நின்றால் கோளாறு இதுவேதான். அந்தக் கோப்பைத் திருத்த முயல வேண்டாம். கணினியின் வட்டார அமைப்பை இந்திய முறைக்கு மாற்றிவிட்டு மூலக் கோப்பை மறுபடி எடுங்கள். அல்லது ஏற்றும்போதே 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' வழியாகச் சென்று, தேதிப் பத்திக்கு நாள்-மாதம்-ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது: ஒரே தேதி பல முறை

சனிக்கிழமை சர்க்கரை மூன்று பில்லில் போயிருக்கிறது: 10 கிலோ, 5 கிலோ, 25 கிலோ. மொத்தம் 40 கிலோ. பில் பட்டியலை அப்படியே கொடுத்து 'ஃபோர்காஸ்ட் ஷீட்' பொத்தானை அழுத்தினால் எக்செல் மறுப்புச் சொல்லாது. ஒரே தேதி பல முறை வந்தால் அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்வது அதன் வழக்கம். 40 கிலோ விற்ற நாள் 13.33 கிலோ விற்ற நாளாக மாறிவிடும். அதைவிட மோசம், கூட்டம் நிறைந்த நாளும் கூட்டமில்லாத நாளும் ஒரே உயரத்தில் தெரியும். ஏனெனில் ஒரு பில்லின் அளவு என்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே.

அதே சாளரத்தில் 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்தால் சராசரிக்குப் பதில் கூட்டுத்தொகை என்று மாற்ற இடமிருக்கிறது. ஆனால் அதை நம்பி இருப்பதைவிட, முன்பே 'பிவட் டேபிள்' மூலம் நாள்வாரியாகவோ வாரவாரியாகவோ கூட்டி, ஒரு தேதிக்கு ஒரே வரி என்று ஆக்கிக்கொள்வதே பத்திரம். கூட்டிய மொத்தமும் பில் மென்பொருள் காட்டும் ஆண்டு மொத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று அப்போதே சரிபார்த்துவிடலாம்.

வெற்றிடம் நான்கு வகை

இப்பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். விற்பனைக் கணக்கில் ஒரு நாள் காலியாக இருந்தால் அதற்கு நான்கு காரணம் இருக்கலாம். கடை திறந்திருந்தது, சரக்கும் இருந்தது, யாரும் கேட்கவில்லை: இது உண்மையான பூஜ்யம். கடை அடைப்பு: கடையடைப்புப் போராட்டம், வீட்டில் விசேஷம், வெள்ளம், வார விடுமுறை எதுவாகவும் இருக்கலாம். கடை திறந்திருந்தது, ஆள் கேட்டார்கள், சரக்கு இல்லை. கடைசியாக, விற்றது, ஆனால் பதிவாகவில்லை. மின்சாரம் போய்க் கையால் பில் போட்ட நாள்.

மூன்றாவதை எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாள் கடலை மாவு தீர்ந்துபோய், கணக்கில் பூஜ்யம் விழுந்திருக்கிறது. கணினி அதைப் படித்து என்ன முடிவுக்கு வரும்? இந்தக் கடையில் தீபாவளிக்கு முதல் நாள் கடலை மாவு விற்காது என்று முடிவுகட்டும். அடுத்த ஆண்டும் குறைவாக வாங்கச் சொல்லும். நீங்கள் குறைவாக வாங்குவீர்கள், மறுபடி தீரும், மறுபடி பூஜ்யம் விழும். தட்டுப்பாடு என்பது கணக்கில் 'தேவை இல்லை' என்று பதிவாகிவிடுகிறது. வியாபாரம் இப்படி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கினாலும் எந்த அறிக்கையிலும் அது நஷ்டமாகத் தெரியாது. நினைவை நம்பிக் கொள்முதல் செய்யும் பழைய முதலாளி இந்தத் தவற்றைச் செய்யமாட்டார். "போன வருஷம் பத்தாமல் போச்சே" என்பது அவருக்கு மறக்காது.

ஆகவே மூலத் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி வையுங்கள். விடுமுறை நாளுக்கும் உண்டு. தேதி, விற்ற கிலோ, அன்றைய முடிவிருப்பு, பிறகு 'காரணம்' என்றொரு பத்தி. பூஜ்யம் விழுந்த நாளில் முடிவிருப்பும் பூஜ்யமாக இருந்தால் அது தட்டுப்பாட்டு நாள். இதைக் கடையில் யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. கொள்முதல் கணக்கும் விற்பனைக் கணக்கும் சரியாக இருந்தால் இருப்பே காட்டிக்கொடுத்துவிடும். மதியம் சரக்கு தீர்ந்து அரை நாள் மட்டும் விற்ற நாளுக்கும் காரணம் எழுதுங்கள். வண்ணம் பூசி அடையாளம் வைப்பது சிலருக்குப் பழக்கம். கோப்பைக் காற்புள்ளிக் கோப்பாக, அதாவது சிஎஸ்வி முறையில் சேமித்தால் வண்ணமெல்லாம் போய்விடும். எழுத்தாகவே எழுதுங்கள்.

மென்பொருளுக்குக் கொடுப்பதற்கு இதிலிருந்து இரண்டாவது தாள் ஒன்று எடுக்க வேண்டும். உண்மையான பூஜ்யத்துக்கு 0 என்றே இருக்கட்டும். தட்டுப்பாட்டு நாளும் பதிவாகாத நாளும் இருக்கும் வரிகளை இத்தாளிலிருந்து நீக்கிவிடுங்கள். விடுபட்ட இடத்தை அக்கம்பக்கத்து எண்களைக் கொண்டு எக்செல் நிரப்பிக்கொள்ளும். மொத்தத்தில் 30 சதவீதம் வரை விடுபட்டாலும் ஏற்றுக்கொள்ளும். திங்கள் 14 கிலோ, புதன் 16 கிலோ என்றால் செவ்வாய்க்கு 15. 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் விடுபட்டதைப் பூஜ்யமாகக் கொள்ளவும் ஒரு வழி உண்டு, அதைத் தொடாதீர்கள். வார விடுமுறை உள்ள கடைகள் நாள்வாரி ஏற்றாமல் வாரவாரி ஏற்றுவதே மேல். ஞாயிறு அடைப்பு என்றால் அந்த வியாபாரம் சனியிலும் திங்களிலும் வந்துவிடுகிறது. வாரக் கணக்கில் அது தானாகச் சமனாகும்.

மூலத் தாளில் மட்டும் எக்காரணம் கொண்டும் கை வைக்கக்கூடாது. திருத்தமெல்லாம் இரண்டாவது தாளில்தான்.

ரூபாயா, கிலோவா?

கிலோ. ரூபாய்க் கணக்கில் விலையும் வரியும் கலந்துவிடுகின்றன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதை நாம் பார்த்தோம். ரூபாய்த் தொடரில் அது விற்பனை ஏற்றமாகத் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது இதற்கு நேர்மாறாக இறங்கித் தெரியும். அறிவிப்பு செப்டம்பர் 3ஆம் தேதியே வந்துவிட்டது. இடைப்பட்ட நாட்களில் வாடிக்கையாளர் காத்திருந்து பிறகு வாங்கியிருந்தால் அதையும் 'காரணம்' பத்தியில் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுதோறும் செப்டம்பரில் சோப்பு விற்காது என்று கணினி கற்றுக்கொள்ளும்.

எடையிலும் சூது உண்டு. முன்கூட்டியே சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய, 25 கிலோ வரையிலான அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி வந்தது. ஆலைகள் பல 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கின. மாதம் 1,300 கிலோ அரிசி விற்கும் கடையில் முன்பு 52 சிப்பம். பிறகு 50 சிப்பம். ஒரு கிலோகூடக் குறையாத வியாபாரம், சிப்பக் கணக்கில் சரிந்தது போல் தெரியும். எண்ணெயும் அப்படியே. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருக்கும். 15 லிட்டர் டின் என்பது 13.65 கிலோ, 15 கிலோ டின் வேறு. இரண்டையும் 'டின்' என்று ஒரே பெயரில் பதிவு செய்திருந்தால் முதலில் பிரியுங்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் எண்ணிக்கையில் வைத்தால் போதும். அங்கே வாடிக்கையாளர் வாங்குவது ஐந்து ரூபாயைத்தான், கிராமை அல்ல.

பொருளின் பெயரும் நிலையாக இருக்க வேண்டும். 'து.பருப்பு', 'துவரம்பருப்பு', 'துவரம் பருப்பு 1ம் நம்பர்' என்று பில் போடும் தம்பிகள் மாற மாறப் பெயரும் மாறியிருக்கும். கணினிக்கு அவை மூன்று பொருள். மூன்றுக்கும் பாதித் தொடர்தான் கிடைக்கும். கூட்டும் முன் ஒரே பெயராக்குங்கள்.

பண்டிகை நகரும், கணினி நகராது

கணினி அறிந்த பருவம் ஆங்கில நாட்காட்டியின் பருவம். தீபாவளியோ சந்திரனைப் பார்த்து நகர்வது. 2022ல் அக்டோபர் 24, 2023ல் நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20, 2026ல் நவம்பர் 8. ஆண்டுக்குப் பதினொன்று, பன்னிரண்டு நாள் முன்னே வந்து, அதிக மாதம் சேரும் ஆண்டில் பத்தொன்பது நாள் பின்னே தாவுகிறது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டை மட்டும் ஏற்றி 2026க்கு மதிப்பீடு கேட்டால், விற்பனை உச்சத்தை அக்டோபரில் காட்டும். அதை நம்பிச் சரக்கு இறக்கினால் இரண்டு வாரத்துக்கு மேல் பணம் வீணே முடங்கும். ரம்ஜானும் ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்ந்துகொண்டே போவது. பொங்கல் மட்டும் ஜனவரி 14 அல்லது 15ஐ விட்டு அசையாததால் கணினிக்கு அதில் குழப்பமில்லை; அப்படியே ஏற்றலாம்.

தீபாவளியைத் தனியே கணக்கிடுவதுதான் நல்ல வழி. இரண்டாவது தாளில் தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரத்தையும் அடுத்த ஒரு வாரத்தையும் நீக்குங்கள். ஆண்டுக்கு ஐந்து வாரம் என்பது 52ல் பத்து சதவீதத்துக்கும் குறைவு. மேலே சொன்ன 30 சதவீத வரம்புக்குள் அடங்கும். இப்போது கணினி வழக்கமான வாரத்தின் விற்பனையை மட்டும் மதிப்பிடும். பண்டிகைக்கு மற்றொரு பட்டியல் போடுங்கள். அதில் தேதிக்குப் பதிலாக 'தீபாவளிக்கு முன் எத்தனையாவது நாள்' என்று எழுதி, ஒவ்வோர் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வழக்கமான வாரத்தில் 40 கிலோ விற்கும் கடலை மாவு, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் 160 கிலோ விற்றிருந்தால் மடங்கு 4. இவ்வாண்டு வழக்கமான வாரம் 45 கிலோ என்று கணினி சொன்னால் பண்டிகை வாரத்துக்கு 180 கிலோ. தட்டுப்பாடு இருந்த ஆண்டின் மடங்கைச் சேர்க்காதீர்கள்.

2020ஆம் ஆண்டையும் இப்படியே நடத்த வேண்டும். மார்ச் 25 முதல் ஊரடங்கு. மளிகைக் கடைகள் நேரக் கட்டுப்பாட்டுடன் திறந்திருந்தன. மக்கள் வாங்கிய முறையே வேறாக இருந்தது. 2021 மே மாதத்திலும் தமிழகத்தில் முழு ஊரடங்கு. இவ்விரண்டு காலத்தையும் மூலத் தாளில் வைத்திருங்கள், ஏற்றும் தாளில் வேண்டாம். பழைய கணக்கு நிறைய இருந்தால் நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்தில், 2022 முதல் உள்ள சுத்தமான கணக்கு, 2015 முதல் உள்ள கலப்படக் கணக்கைவிட மதிப்புள்ளது. ஆனால் இரண்டு முழு ஆண்டுக்குக் குறைந்தால் பருவம் எது, தற்செயல் எது என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க இயலாது. பருவ நீளத்தைக் கணினியே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதைவிட, வாரத் தொடருக்கு 52, மாதத் தொடருக்கு 12 என்று கைப்படக் கொடுங்கள். மாதத் தொடரில் தேதியை எப்போதும் 1ஆம் தேதியாகவே எழுத வேண்டும்.

நம்புவதற்கு முன் சோதனை

உங்களிடம் மூன்று ஆண்டுக் கணக்கு இருந்தால் கடைசி மூன்று மாதத்தை மறைத்துவிட்டு மீதியை மட்டும் ஏற்றுங்கள். அந்த மூன்று மாதத்துக்குக் கணினி சொல்லும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில், சென்ற ஆண்டு அதே வாரங்களில் விற்றதை எழுதுங்கள். மூன்றாவதாக உண்மையில் விற்றது. கணினியின் எண் சென்ற ஆண்டு எண்ணைவிட உண்மைக்கு அருகில் வரவில்லை என்றால் அந்தப் பொருளுக்கு மென்பொருள் தேவையில்லை. பழைய சிட்டையே போதும். துவரம் பருப்பு, சர்க்கரை, அரிசி போன்ற ஓட்டமுள்ள சரக்குக்குப் பெரும்பாலும் பயன் இருக்கும். மாதம் இரண்டு டப்பா விற்கும் பெருங்காயத்துக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாம்.

கோட்டின் மேலும் கீழும் இரண்டு மெல்லிய கோடு தெரியும். எக்செல் தானாகப் போடுவது 95 சதவீத எல்லை. வண்டு விழும் சரக்குக்கு நடுக்கோட்டை ஒட்டியும், கெடாத சரக்குக்கு மேல்கோட்டை நோக்கியும் கொள்முதலை வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 31ஆம் தேதி ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதும், பில் மென்பொருளை மாற்றும்போதும் பழைய நாள்வாரிக் கணக்கைத் தனிக் கோப்பாக எடுத்து, கணினிக்கு வெளியே பென்டிரைவ் ஒன்றிலும் ஒரு பிரதி வையுங்கள். மென்பொருள் மாற்றித் தருபவர்கள் பெரும்பாலும் தொடக்க இருப்பை மட்டும் கொண்டுவருவார்கள். நாள்வாரி விற்பனை பழைய கணினியோடு போய்விடும். வேலையை முடித்ததாகச் சொல்லி அவர்கள் கிளம்புமுன் சென்ற தீபாவளி வாரத்தின் கடலை மாவு விற்பனையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.